மின்கட்டணம் ஏறும்போது சுமை எங்கே போய் இறங்குகிறது?



லிந்துலைப் பகுதியில் நாம் நடத்தும் மாதாந்தக் கூட்டங்களில் காலத்துக்கு ஒரு பேச்சு மேலெழும். ஒரு காலம் அரிசி விலை, இன்னொரு காலம் உரம். 2023 ஆம் ஆண்டு பெப்ரவரிக்குப் பின்னர் பல மாதங்கள் மின்கட்டணமே பேச்சாக இருந்தது. ஒரு தாய் தமது கட்டணப் பட்டியலை நான்காக மடித்துக் கொண்டுவந்து எம்மிடம் நீட்டினார். "ரெண்டு பல்ப்பும் ஒரு ரேடியோவும்தான் சாமி. இதுக்கா ஆயிரத்து முந்நூறு ரூவா?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஒருவர் சிரித்தார். மண்சரிவில் வீட்டை இழந்து, உறவினர் காணியில் கொட்டில் போட்டு, அரை ஏக்கரில் கரட்டும் லீக்ஸும் செய்பவர். "எனக்கு மீட்டரே கிடையாது. மண்ணெண்ணெய் விளக்குதான். கரண்ட் வெல ஏறினா எனக்கென்ன, எறங்கினா எனக்கென்ன?" என்றார். கூட்டமும் அவரோடு சேர்ந்து சிரித்தது.

அந்த வார்த்தையை நாம் அங்கேயே திருத்தவில்லை. ஆனால் அது சரியான கணக்கல்ல. மீட்டர் இல்லாதவரும் மின்கட்டணம் செலுத்துகிறார். எப்படிச் செலுத்துகிறார், மின்சாரத்தின் விலை ஒவ்வொரு தொழிலின் உற்பத்தியையும் எவ்வாறு தொடுகிறது, ஏன் சிலரைப் பெரிதாகவும் சிலரைச் சிறிதாகவும் தாக்குகிறது என்பதை இக்கட்டுரையில் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நமது தண்ணீர், நாட்டின் மின்சாரம்

மலையகத்தில் வாழும் நமக்கு மின்சாரம் புதிய செய்தியல்ல. லக்சபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965 இலும் மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969 இலும் வந்தன. மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. 1980 களில் கொத்மலை வந்தது. 2012 இல் மேல் கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் அணை கட்டி, சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே நீரைக் கொண்டுபோய், 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். அத்திட்டத்துக்காக வீடு விட்டு எழுந்த குடும்பங்கள் இவ்விதழின் வாசகர்களிலும் இருக்கிறார்கள்.

"தண்ணீர் நம்முடையது, நிலமும் நம்முடையது, விலை மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வி நியாயமானது. பதில் இதுதான். மழை நன்றாகப் பெய்தால் நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் நாட்டின் தேவைக்கு அது போதாது. மீதியை நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையமும் எண்ணெயால் இயங்கும் நிலையங்களும் தருகின்றன. காற்றும் சூரிய ஒளியும் ஒரு பங்கைத் தருகின்றன. நிலக்கரியும் எண்ணெயும் டொலரில் வாங்கப்படுகின்றன. ஆகவே மழை பொய்த்தாலும் ரூபாவின் பெறுமதி விழுந்தாலும் மின்சாரத்தின் செலவு ஏறுகிறது.

2022 இல் ரூபா விழுந்தது. மார்ச் மாதத்தில் ஒரு டொலருக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. எண்ணெய் வாங்கப் பணமில்லாமல், மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2013 க்குப் பின்னர் உயர்த்தப்படாதிருந்த கட்டணம் 2022 ஒகஸ்டில் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. உற்பத்திச் செலவைக் கட்டணம் ஈடுசெய்ய வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கடன் ஏற்பாட்டிலும் ஒரு நிபந்தனையாக இருந்தது.

மாதம் 30 அலகு பயன்படுத்தும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 ஒகஸ்டுக்கு முன்னர் அலகுக்கு 2 ரூபா 50 சதமும், நிலையான கட்டணம் 30 ரூபாவும் சேர்த்து 105 ரூபா. ஒகஸ்டில் 360 ரூபா. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா, ஆக 1,300 ரூபா. அந்தத் தாயின் பட்டியலில் பிழையில்லை. பின்னர் கட்டணம் பல தடவை குறைந்தும் ஏறியும் வந்தது. 2024 ஜூலையில் அதே 30 அலகுக்கு 280 ரூபா, 2025 ஜனவரியில் 195 ரூபா. 2025 ஜூனில் மறுபடியும் கட்டணம் சராசரியாக 15 வீதம் கூட்டப்பட்டது. இந்த ஏற்ற இறக்கமே ஒரு பெரிய கஷ்டம். அடுத்த மூன்று மாதத்தில் என்ன விலை என்று தெரியாத ஒருவர் எதை நம்பிப் பயிர் வைப்பார், எதை நம்பி மெஷின் வாங்குவார்?

மூன்று கேள்விகள்

கட்டணம் உயரும்போது ஒரு தொழில் எவ்வளவு பாதிக்கப்படும் என்று அறிய, மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

முதலாவது, அத்தொழிலின் மொத்தச் செலவில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு? கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்வோம். 100 ரூபா செலவில் 5 ரூபா மின்சாரம் என்றால், மின்கட்டணம் இரட்டிப்பானாலும் செலவு 105 ரூபாதான். 100 இல் 40 ரூபா மின்சாரம் என்றால் செலவு 140 ஆகிவிடும். அலுமினியம் உருக்கும் ஆலைகள் இந்த இரண்டாம் வகை. ஒரு தொன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 14,000 அலகு வேண்டும். அதனால்தான் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் மின்சாரம் விலையேறியபோது முதலில் மூடப்பட்டவற்றில் அவ்வாலைகளும் இருந்தன. தையல் தொழிற்சாலையில் மின்சாரத்தின் பங்கு இதைவிட மிகச் சிறிது.

இரண்டாவது, ஏறிய செலவை வாங்குபவரிடமிருந்து எடுக்க முடியுமா? தேநீர்க் கடைக்காரர் ஒரு கோப்பைக்கு பத்து ரூபா கூட்டலாம். சந்தைக்குக் கோவா கொண்டுபோகிறவரால் ஒரு ரூபாவும் கூட்ட முடியாது.

மூன்றாவது, மின்சாரத்துக்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்த முடியுமா? ரொட்டிப் போறணையை விறகில் எரிக்கலாம். பாலைக் குளிரவைக்கும் தொட்டிக்கு விறகு உதவாது.

இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு நமது சுற்றுவட்டாரத்தை ஒருமுறை சுற்றி வருவோம்.

தேயிலை ஸ்டோர்

நம் கண்முன் நிற்கும் பெரிய மின்பாவனையாளர் தேயிலை ஸ்டோர்தான். கொழுந்து வாட்டும் தட்டுகளுக்குக் கீழே பெரிய காற்றாடிகள் பல மணி நேரம் ஓட வேண்டும். அரைக்கும் மெஷின்கள், சலிக்கும் மெஷின்கள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. தூள் காய்ச்சும் அடுப்புக்கு மட்டுமே பெரும்பாலும் விறகு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். வாட்டும்போது அதன் ஈரத்தில் பெரும்பகுதியைக் காற்றால் எடுக்க வேண்டியிருப்பதால், இங்கேதான் மின்சாரம் அதிகம் செலவாகிறது.

ஸ்டோருக்கு ஒரு வசதியும் உண்டு. தொழிற்சாலைகளுக்கு நேரத்துக்கு நேரம் வேறு வேறு கட்டணம். மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை மிக உயர்ந்த விலை. இரவு 10.30 இலிருந்து அதிகாலை 5.30 வரை குறைந்த விலை. கொழுந்தை இரவில் வாட்டி விடியற்காலையில் அரைப்பது வழக்கம் என்பதால் வேலையின் ஒரு பகுதி மலிவான நேரத்தில் விழுகிறது. ஆனால் மழைநாளில் நனைந்த கொழுந்து வந்தால் காற்றாடியை மாலையிலேயே போட்டாக வேண்டும். கொழுந்து காத்திருக்காது.

அடுத்து இரண்டாம் கேள்வி. தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்கப்படுகிறது. அங்கே விலையைத் தீர்மானிப்பது வெளிநாட்டுச் சந்தை. "எங்கள் மின்கட்டணம் கூடிவிட்டது" என்று ஸ்டோர்காரர் சொல்வதால் வாங்குபவர் ஒரு ரூபாவும் கூட்டிக் கொடுப்பதில்லை. 2022 இல் ரூபா விழுந்தபோது ஏல விலை ரூபாக் கணக்கில் ஏறியதால் ஸ்டோர்கள் சமாளித்தன. 2023 இல் ரூபா மறுபடி பலமடைந்த காலத்தில்தான் மின்கட்டணம் உச்சியில் நின்றது. இரண்டு பக்கமும் நெருக்கியது.

சிறு தேயிலைத் தோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கும் ஸ்டோர்களுக்கு ஒரு விதி உண்டு. விற்பனை விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு. மின்சாரம், விறகு, கூலி எல்லாம் அந்த 32 க்குள் அடங்க வேண்டும். பார்வைக்கு இவ்விதி கொழுந்து கொடுப்பவரைக் காக்கிறது. ஆனால் 32 போதாதபோது வேறு வழிகளில் கை வைக்கப்படுகிறது. ஈரத்துக்கென்று அதிகமாகக் கழிப்பார்கள், முற்றல் என்று திருப்பி அனுப்புவார்கள், பணத்தைத் தள்ளிப் போடுவார்கள். கம்பனித் தோட்டங்களில் அது வேலைநாள் குறைப்பாகவோ, கிலோ கூட்டிக் கேட்பதாகவோ, சம்பளப் பேச்சுவார்த்தையில் "செலவு தாங்காது" என்ற பதிலாகவோ வரும். மின்கட்டணப் பட்டியல் ஸ்டோர் ஆபீசுக்குத்தான் வருகிறது. அதன் ஒரு பகுதி கொழுந்துக் கூடையில் போய் இறங்குகிறது.

மரக்கறியும் பாலும்

நாட்டுக் கணக்கில் விவசாயம் நேரடியாக மிகக் குறைந்த மின்சாரமே பயன்படுத்துகிறது. இதைப் பார்த்து "விவசாயிக்குப் பாதிப்பில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அது அரைக் கணக்கு.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நமது பக்கத்தில் மழை குறைவு. ஓடையிலிருந்து தண்ணீரை மேலேற்றினால்தான் கரட்டும் உருளைக்கிழங்கும் பிழைக்கும். மின்பம்பு வைத்திருப்பவருக்குக் கட்டணம் நேராகவே அடிக்கும். "மண்ணெண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாமே" என்றால், 2022 ஒகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. மாற்று வழியும் அதே மாதத்தில் அடைபட்டது. வன்னியில் குடியேறிக் கிணற்றுத் தண்ணீரில் பயிர் செய்யும் நமது உறவினர்களுக்கும் இதே நிலைதான். இந்த நிலையில் விவசாயி என்ன செய்வார்? மூன்று முறை பாய்ச்ச வேண்டிய இடத்தில் இரண்டு முறை பாய்ச்சுவார், அல்லது பாதி நிலத்தைச் சும்மா போடுவார். விளைச்சல் குறைவது இப்படித்தான். எந்தப் புள்ளிவிபரத்திலும் அது "மின்கட்டணத்தால்" என்று எழுதப்படுவதில்லை.

மண்ணிலிருந்து வெளியேறிய பின்னும் மரக்கறி மின்சாரத்தைத் தொட்டுக்கொண்டே போகிறது. கரட் கழுவும் மெஷின், பொருளாதார மத்திய நிலையத்துக் கடை, கொழும்பில் குளிர் அறை. ஒவ்வொருவரும் தமது செலவைக் கழித்துக்கொண்டே விலை சொல்கிறார்கள். கடைசியாகக் கழிப்பதற்கு யாருமில்லாதவர் தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்கிறார்.

பாலும் அவ்வாறே. கறந்த பாலைச் சில மணி நேரத்தில் 4 பாகை அளவுக்குக் குளிரவைக்காவிட்டால் கெட்டுவிடும். சேகரிப்பு நிலையத்தின் குளிர்த்தொட்டி ஓய்வதேயில்லை. அந்தச் செலவு ஏறினால் லீற்றருக்குக் கொடுக்கும் விலையை உயர்த்த மறுப்பார்கள், அல்லது தூரத்தில் உள்ள சிறு சேகரிப்பு இடத்தை மூடுவார்கள். ஒரு மாடு வைத்திருப்பவருக்கு இரண்டாவது அடிதான் கொடியது.

மீட்டர் இல்லாத அந்த நண்பருக்கு நாம் சொல்ல விரும்பிய பதில் இதுவே. அவர் கொட்டிலுக்குக் கம்பி வரவில்லை. ஆனால் அவர் கரட்டுக்குக் கிடைக்கும் விலைக்குள் மின்கட்டணம் இருக்கிறது. அவர் வாங்கும் மாவுக்குள்ளும் இருக்கிறது.

சிறு தொழில்கள்

ஹோட்டல்கள் அறை வாடகையைக் கூட்டலாம். அரிசி ஆலைக்காரர் அரிசி விலையில் போடலாம், ஏனெனில் அரிசி இல்லாமல் யாரும் இருக்க முடியாது. சிறு தொழில்களுக்கு அந்த இடமில்லை. இதில் எமது சொந்தத் தவறொன்றையும் சொல்ல வேண்டும்.

எமது நிலையத்தில் இடம்பெயர்ந்த பெண்கள் சிலர் சேர்ந்து மிளகாயும் மாவும் அரைக்கும் மில் ஒன்றை நடத்தினார்கள். 2023 பெப்ரவரியில் கட்டணம் ஏறியபோது, அரைக்கும் கூலியைக் கூட்டினால் சனம் டவுனுக்குப் போய்விடும் என்று பயந்து, கூலியைக் கூட்ட வேண்டாம் என்று நாமே ஆலோசனை சொன்னோம். ஒரு கிலோ அரைக்க எவ்வளவு மின்சாரம் போகிறது என்று யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. நான்கு மாதத்தில் சங்கத்தின் சேமிப்பு கரைந்தது. மில் நின்றது. அதை நம்பியிருந்தவர்கள் மறுபடி கூலி வேலைக்குப் போனார்கள். நல்லெண்ணம் இருந்தது, கணக்கு இருக்கவில்லை. பிற்பாடு கிலோவுக்குரிய மின்செலவை அளந்து, அதன்படி கூலி வைத்து, வாரத்தில் மூன்று நாள் மட்டும் சேர்த்து அரைத்து, மில்லை மறுபடி ஓட்டினோம். முன்பிருந்த வருமானம் இன்னும் வரவில்லை.

முழு நாட்டுக் கணக்கு

2022 இல் நாட்டின் மொத்த உற்பத்தி 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. 2023 இல் மேலும் 2.3 வீதம் சுருங்கியது. அந்த 2023 ஆம் ஆண்டைத் துறைவாரியாகப் பார்த்தால் கைத்தொழில் 9 வீதத்துக்கு மேல் விழுந்தது. சேவைத்துறை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. விவசாயம் 2.6 வீதம் வளர்ந்தது.

இதையெல்லாம் மின்கட்டணத்தின் மீது மட்டும் சுமத்துவது பிழை. கட்டுமானப் பொருள் தட்டுப்பாடு, உயர்ந்த வட்டி, மக்களின் கையில் பணமின்மை எல்லாம் கைத்தொழிலைத் தாக்கின. விவசாயம் வளர்ந்ததற்குக் காரணம் மறுபடி உரம் கிடைத்தது. தேயிலையைப் பாருங்கள். 2021 இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022 இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. அதற்கு முதற்காரணம் 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தது. மின்வெட்டும் டீசல் தட்டுப்பாடும் அதற்குமேல் வந்தவை. ஆயினும் மின்சாரத்தில் அதிகம் தங்கியிருக்கும் துறை அதிகம் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பல இடிகளில் அதுவும் ஓர் இடி.

அப்படியானால் மின்சாரத்தை இலவசமாகக் கொடுத்தால் என்ன? தமிழ்நாட்டில் விவசாயப் பம்புகளுக்கு 1990 இலிருந்து மின்சாரம் இலவசம். அது பல இலட்சம் விவசாயிகளைக் காத்தது, விளைச்சலைக் கூட்டியது. அதே வேளை கிணறுகள் ஆழத்துக்குப் போயின, நிலத்தடி நீர் இறங்கியது, மின்வாரியம் கடனில் மூழ்கியது. நமது நாட்டிலும் செலவுக்குக் குறைவாகப் பல ஆண்டுகள் மின்சாரம் விற்றதன் கடன்தான் 2022 இல் ஒரேயடியாக நம் தலையில் விழுந்தது. ஆகவே விலை செலவை ஒட்டி இருப்பது தேவைதான். ஆனால் அந்தச் சரிக்கட்டலை யார் தாங்குகிறார்கள் என்பது நீதியின் கேள்வி. 2023 பெப்ரவரியில் அதிக விகிதத்தில் உயர்ந்தது மிகக் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளின் கட்டணமே. அந்த ஆண்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

நாம் செய்யக்கூடியவை

வீட்டு மீட்டரில் மாதம் 60 அலகு என்ற எல்லையை நினைவில் வையுங்கள். அதைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே உயர்ந்த விலை விழும். ஒரு குதிரைவலு மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் அலகிலிருந்து ஓர் அலகு வரை போகும். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் மாதம் 25, 30 அலகு. 40 அலகு எரிக்கும் வீடு பம்பைப் போட்டவுடன் எல்லையைத் தாண்டிவிடும். பம்புக்கோ மில்லுக்கோ தனி இணைப்பு எடுத்தால் லாபமா என்று மின் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நமது மலையில் உயரமே ஒரு மின்சாரம். மேட்டில் ஊற்றோ பீலியோ இருந்தால் குழாய் வைத்துத் தண்ணீரை இறக்கலாம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொட்டி கட்டினால் பல மாதப் பம்புச் செலவு மிஞ்சும். தோட்டக் காணியாயின் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள்.

எந்தத் தொழிலாக இருந்தாலும் ஒரு கிலோவுக்கு, ஒரு சட்டைக்கு, எத்தனை அலகு என்று ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். விலை ஏறிய மாதத்தில் அந்தத் தாள்தான் உங்களைக் காக்கும்.

கட்டணத்தை மாற்றுவதற்கு முன்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்கிறது. அங்கே கைத்தொழில் சங்கங்களும் ஹோட்டல் சங்கங்களும் தமது கணக்கோடு போகின்றன. கொழுந்து கொடுப்பவரும் மரக்கறி செய்பவரும் போவது அரிது. தமிழிலேயே எழுதலாம். ஒரு பக்கம் போதும். உங்கள் மாதச் செலவையும் விளைச்சலையும் அப்படியே எழுதுங்கள்.

மீட்டர் இல்லாத அந்த நண்பரும் எழுதலாம். பட்டியல் அவர் பெயருக்கு வராவிட்டாலும் அவரும் செலுத்துகிறவரே.

உங்கள் குழுவில் பேசிப் பார்க்க:

1. சென்ற போகத்தில் தண்ணீர் பாய்ச்ச எவ்வளவு செலவானது? அதில் மின்சாரம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு?

2. நீங்கள் விற்கும் பொருளின் விலையை யார் தீர்மானிக்கிறார்? ஏறிய செலவை அவரிடம் சொல்ல உங்களுக்கு வழியுண்டா?

3. உங்கள் குடியிருப்புக்கு மேலே தண்ணீர் இருக்கிறதா? சேர்ந்து குழாய் வைக்கத் தடையாக இருப்பது என்ன?

4. அடுத்த கட்டணத் திருத்தத்துக்கு உங்கள் குழுவின் சார்பில் கடிதம் எழுதப் போவது யார்?